யாரெல்லாம் வந்து போனாங்க?

வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தால் அந்த வீட்டுக்குள் யாரும் போக மாட்டார்கள். அம்மை வார்த்திருக்கிறது. அங்கே கடுகு தாளிக்கிற சத்தம் கேட்காது. சம்பந்தி வீட்டாரே வந்தாலும் திண்ணையோடு சேதி கேட்டுக்கொண்டு திரும்பிவிடுவார்கள். பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் என் சின்ன வயசில் எல்லா ஊரிலும் இதுதான் வழக்கம். அப்படி ஊரே ஒதுங்கிப்போகிற வாசலில் ஒருவர் மட்டும் சைக்கிளை நிறுத்துவார். அம்மை குத்துகிறவர். தெருமுனையில் அவர் தலை தெரிந்ததுமே பிள்ளைகள் நாங்கள் வைக்கோற்போருக்குப் பின்னால் ஓடி ஒளிவோம்.

அப்படி அம்மை குத்தித் திரிந்தவர்களில் ஒருவரிடம்தான் பின்னாளில் நான் வேலை கற்றுக்கொண்டேன். காந்திகிராமத்தில் சுகாதார ஆய்வாளர் பயிற்சி முடித்து, 80-களின் தொடக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்தேன். பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்தது என்று 1980 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. அம்மை குத்தியவர்களையும் மலேரியாவுக்கு மருந்தடித்தவர்களையும் ஒன்றாக்கிப் பல்நோக்குப் பணியாளர்கள் என்று பெயர் கொடுத்திருந்தார்கள். அவருக்கும் அந்தப் பெயர்தான். ஆனால் சாகும்வரை ஊருக்கு அவர் ஊசிக்காரர்தான். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன்.

“வேப்பிலைதான்டா எனக்கு ரிப்போர்ட்டு” என்பார். ஒவ்வொரு தெருவாகச் சைக்கிளில் போய் வாசல் நிலைகளைப் பார்த்துக்கொண்டே வருவாராம். கொத்து தெரிந்தால் இறங்கி, செருப்பைத் தெருவிலேயே விட்டு, காலைக் கழுவிக்கொண்டுதான் படியேறுவார். உள்ளே போனதும் நோயைப் பற்றிப் பேச்செடுக்க மாட்டார். “ஆத்தா எப்ப வந்தா தாயி?” என்றுதான் கேட்பார். செவ்வாய்க்கிழமை ராத்திரி என்று பதில் வரும். அவருக்கு வேண்டியது அந்தச் செவ்வாய்க்கிழமைதான். முத்து போட்ட நாள் தெரிந்துவிட்டால் அங்கிருந்து இரண்டு வாரம் பின்னால் எண்ணிப் போவார். கிருமி உடம்புக்குள் நுழைந்த காலம் ஏறக்குறைய அதுதான். “அமாவாசையை ஒட்டி எந்த ஊருக்குப் போயிருந்தீங்க? யார் வீட்டு விசேஷம்?” பிறகு அங்கிருந்து முன்னால் வருவார். “காய்ச்சல் கண்டதுக்கப்புறம் இந்த வீட்டுக்கு யாரெல்லாம் வந்து போனாங்க?”

இந்தக் கடைசிக் கேள்வியை எத்தனை விதமாகக் கேட்கலாம் என்பதை அவரிடம்தான் பார்த்தேன். நேரடியாகக் கேட்டால் “யாரும் வரலை” என்பார்கள். அவர் சுற்றிவளைத்துப் போவார். பால் யார் ஊற்றுகிறார்கள்? வண்ணாத்தி வந்தாளா? மூன்றாம் தண்ணீர் என்றைக்கு ஊற்றப்போகிறீர்கள், யார் யாருக்குச் சொல்லியிருக்கிறீர்கள்? தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாளில் சொந்தபந்தம் கூடும். பொருக்கு முழுக்க உதிராத பிள்ளை நடுவில் உட்கார்ந்திருக்கும். “ஆத்தா முழுசா இறங்கட்டும் தாயி, பொருக்கெல்லாம் விழட்டும், அப்புறம் கூப்பிடுங்க” என்று அவர் சொன்னால் கேட்பார்கள். சட்டத்தைக் காட்டியிருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள். சட்டம் இல்லாமலும் இல்லை. மதராஸ் பொது சுகாதாரச் சட்டம் 1939-லேயே வந்துவிட்டது. நாட்டில் இந்த வகையில் அதுவே முதல். தொற்றுநோயாளி இருக்கும் வீட்டுக்குள் நுழைய, தனிமைப்படுத்த, கிணற்றை மூட எல்லா அதிகாரமும் அதில் உண்டு. அண்ணன் அந்தப் புத்தகத்தைப் பையில் வைத்திருந்தார். யாரிடமும் பிரித்துக் காட்டி நான் பார்த்ததில்லை.

அவருடைய பையில் ஓர் ஊசியும் இருந்தது, பழைய நாளின் மிச்சம். விரல் நீளத்தில் ஒரு கம்பி, நுனி மட்டும் இரண்டாகப் பிளந்து கவை போட்டிருக்கும். மருந்தில் தோய்த்து எடுத்தால் அந்தக் கவைக்கு நடுவில் ஒரு சொட்டு நிற்கும். போடவேண்டிய அளவு அதுவே. அளந்து எடுக்க வேண்டியதில்லை. மேல்கையில் ஒரு சின்ன வட்டத்துக்குள் படபடவென்று பதினைந்து குத்து. இலேசாக ரத்தம் கசியவேண்டும், வழியக்கூடாது. குத்துவதற்கு முன் சாராயம் தடவிச் சுத்தம் செய்யக்கூடாது, அந்த ஈரத்தில் மருந்து செத்துவிடும். ஊசியைக் கொதிக்கவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். அதற்கு முன்னால் இருந்தது வட்டமாகத் திருகிக் குத்துகிற கருவி. எங்களை வைக்கோற்போருக்குப் பின்னால் ஓட்டியது அதுதான். என் அம்மாவின் கையில் இருந்த தழும்புகள் காலணா அகலம். பெஞ்சமின் ரூபின் என்ற அமெரிக்கர் இந்தக் கவை ஊசியைக் கண்டுபிடித்தார் என்று நான் படித்துச் சொன்னபோது அண்ணனுக்குப் பெரிய சந்தோஷம். “அந்தப் புண்ணியவான் வீட்ல யாருக்கும் ஆத்தா வரக்கூடாது” என்றார்.

ஊசி எவ்வளவு நல்லதானாலும் யாருக்குப் போடுவது என்று தெரியவேண்டும். ஊர் முழுக்க எல்லாருக்கும் குத்திவிட்டால் நோய் போய்விடும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். கோடிக்கணக்கில் குத்தியும் நோய் நின்றபாடில்லை. விட்டுப்போன வீடுகளிலேயே அது சுற்றிக்கொண்டிருந்தது. தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையில் இருந்த டாக்டர் ஏ. ராமச்சந்திர ராவ், நோய் கண்ட 254 குடும்பங்களை எடுத்து, வீட்டுக்குள் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று பார்த்து 1968-ல் எழுதினார். ஊர் பயந்த மாதிரி பெரியம்மை காற்றில் பறந்துபோய் எல்லாரையும் பிடிப்பதில்லை. ஒரே கூரைக்குக் கீழே, பக்கத்தில் படுத்தவரை, சோறூட்டியவரைத்தான் அது பெரும்பாலும் தொட்டது. அப்படியானால் நோயாளியைத் தேடிக் கண்டுபிடித்து, அவரைச் சுற்றியிருப்பவர்களுக்கு மட்டும் உடனே குத்தினால் அதற்குப் போக வழியில்லாமல் போகும். இந்தியாவில் கடைசி நோயாளி 1975 மே மாதம் அசாமில், கரீம்கஞ்சில் கண்டுபிடிக்கப்பட்டார். ராவ் எழுதிய புத்தகத்தை அண்ணன் படித்ததில்லை. படிக்காமலே அதைத்தான் செய்துகொண்டிருந்தார். மேலே உட்கார்ந்து ஆராய்ந்தவருக்கும் கீழே வாசல் வாசலாக நடந்தவருக்கும் ஒரே விடை கிடைத்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

வீடு என்றதும் சேத்துப்பட்டு ஆராய்ச்சி நினைவுக்கு வருகிறது. காசநோய் என்றால் சானடோரியம், ஊருக்கு வெளியே காற்றோட்டம், பால், முட்டை என்று இருந்த காலம் அது. நோயாளிகளைப் பார்த்தால் படுக்கைகளோ எந்த மூலைக்கும் காணாது. 1956-ல் மதராஸ் சேத்துப்பட்டில் ஒரு மையம் திறந்து, ஏழைக் குடும்பத்து நோயாளிகள் 193 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை சானடோரியத்தில் சேர்த்தார்கள். மற்றவர்களை அவரவர் வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தார்கள். வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் தலைமை. நெரிசலான ஒற்றை அறை, அரைவயிற்றுச் சாப்பாடு. அப்படியிருந்தும் வீட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களோடு இருந்த பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் நோய் கூடுதலாக ஒட்டவில்லை. 1959-ல் முடிவு வெளியானதும் உலகமே சானடோரியங்களைப் பற்றி மறுபடி யோசித்தது. இதில் எனக்குப் பிடித்தது, சொல்லாமல் கொள்ளாமல் அந்த வீடுகளுக்குப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்து, சிறுநீர் வாங்கிவந்த பெண்கள். அந்தக் கட்டுரைகளின் அட்டவணை ஒவ்வொன்றும் அவர்கள் காலால் நடந்து எழுதியது.

கிணற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். என் காலத்து வேலையில் பாதி அதுதான். வாந்திபேதி என்று ஒரு வீட்டிலிருந்து சேதி வந்தால் முதலில் கயிற்றையும் வாளியையும் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போவோம். விட்டம் அளந்து, கல்லைக் கட்டிக் கயிற்றை விட்டுத் தண்ணீரின் ஆழம் பார்த்துக் கணக்குப் போடவேண்டும். இரண்டு மீட்டர் விட்டம், மூன்று மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 9,400 லிட்டர். நல்ல பிளீச்சிங் பவுடராக இருந்தால் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் போதும். அந்தக் கிணற்றுக்கு மொத்தம் 24 கிராம். ஒரு கைப்பிடிகூட வராது. சுற்றி நிற்கிறவர்களுக்கு நம்பிக்கையே வராது. மூட்டையைக் கொட்டினால்தான் மருந்து போட்டதாக அவர்களுக்குத் திருப்தி. அண்ணன் அசைய மாட்டார். பவுடரை வாளியில் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் களியாகக் குழைப்பார். பிறகு முக்கால் வாளிக்குத் தண்ணீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படியும்வரை ஒரு வெற்றிலை போட்டு முடிப்பார். மேலே தெளிந்த நீரை மட்டும் இன்னொரு வாளிக்கு இறுத்து, கிணற்றுக்குள் இறக்கி, தண்ணீருக்கு அடியில் மேலும் கீழுமாகக் கயிற்றைச் சுண்டிச் சுண்டி இழுப்பார். அடிச் சுண்ணாம்பு கிணற்றில் விழுந்தால் தண்ணீர் கடுத்துப்போகும். இதையெல்லாம் பொழுது சாய்ந்த பிறகுதான் செய்வார். ராத்திரி யாரும் இறைக்க மாட்டார்கள், மருந்துக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கும்.

பவுடரே வீரியம் இழந்திருந்தால் என்ன கணக்குப் போட்டும் பயனில்லை. புதிதாக வந்ததில் நூற்றுக்கு 33 பங்கு குளோரின் இருக்கும். வாய் திறந்த மூட்டை ஈரக்காற்றில் கிடந்தால் வெறும் சுண்ணாம்பாகிவிடும். அண்ணன் மூட்டையைத் திறந்ததும் முகர்ந்து பார்ப்பார். கண்ணில் நீர் வரவில்லை என்றால் முகம் மாறிவிடும். தெருவோரம் வெள்ளைக் கோடு இழுத்த மாதிரி பிளீச்சிங் பவுடர் தூவுகிறார்களே, மந்திரி வருகிற நாளிலும் ஊர்த் திருவிழாவிலும், அது யாரையும் காப்பாற்றாது என்று உறுதியாகச் சொல்வேன். அந்தத் தூள் தண்ணீருக்குள் போகவேண்டும். போய்ச் சேர்ந்ததா என்று குழாயின் கடைசி வீட்டில் தண்ணீர் பிடித்துப் பார்க்கவேண்டும்.

1992 அக்டோபரில் மதராஸில் புதுக் காலரா வந்தது. அதுவரை காலராவை உண்டாக்கிய கிருமி O1 என்ற வகை. இது O139. பழைய காலரா கண்டு தேறியவர்களின் உடம்புக்கும் இதை அடையாளம் தெரியவில்லை, பெரியவர்களே கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். எங்களிடம் பழைய தடுப்பூசியும் இல்லை. 1973-லேயே உலக நாடுகள் காலரா ஊசிச் சான்றிதழைக் கைவிட்டுவிட்டன. ஒரு காலத்தில் திருவிழாக்களுக்கு அந்த ஊசி போட்டுக்கொண்டால்தான் ஊருக்குள் விடுவார்கள் என்று அண்ணன் சொல்வார். பாதிப் பேரைக் காப்பதே அதற்குப் பெரும்பாடு, அதுவும் சில மாதத்துக்குத்தான். உயிரைக் காத்தது உப்பு சர்க்கரைக் கரைசல். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் சலைன் தீர்ந்துபோன நாளில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் டிரம் டிரம்மாகக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தாரே, அது.

அதற்கு அடுத்த கோடையில் எங்கள் வட்டாரத்தில் ஒரு தெருவில் வாந்திபேதி கண்டது. குளுக்கோஸ் ஏற்றுவது டாக்டரம்மாவின் பொறுப்பு. நாங்கள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறினோம். பெயர், வயசு, என்றைக்கு எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எந்தத் தண்ணீர். சாயங்காலத்துக்குள் பட்டியல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தெருவின் கிழக்குச் சாரியில் வீட்டுக்கு வீடு நோய். கைப்பம்பில் தண்ணீர் எடுக்கிற மேற்குச் சாரியில் எதுவும் இல்லை, ஒரே ஒரு பையனைத் தவிர. அவன் எப்படி அதில் சேர்ந்தான்? அவன் அம்மா அடித்துச் சொன்னாள், பம்புத் தண்ணீர்தான் என்று. அண்ணன் அவனுக்குப் பக்கத்தில் கட்டில் ஓரமாக உட்கார்ந்துகொண்டு, “நேத்திக்கு எங்கெல்லாம் போன தம்பி?” என்று ஆரம்பித்தார். காலையில் டீக்கடை வேலை. கடைக்குத் தண்ணீர் கிழக்குச் சாரிக் குழாயிலிருந்து அவன்தான் சுமக்கிறான். ராத்திரி பெட்ரோமாக்ஸ் விளக்கு வைத்துக்கொண்டு அந்தக் குழாயைத் தோண்டினார்கள். சாக்கடைக்கு நேர் கீழே இணைப்பு விட்டிருந்தது. தண்ணீர் வருகிற நேரத்தில் அது வெளியே கசியும். நின்ற பிறகு குழாய் வெறுமையாகி, சாக்கடையை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் காலை முதலில் குடம் வைக்கிறவள் பிடிப்பது அதைத்தான்.

ஆசனவாயில் தொட்டெடுத்த பஞ்சுக் குச்சிகளைக் கேரி-பிளேர் புட்டிகளில் போட்டு கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு அனுப்பினோம். முடிவு வருவதற்குள் குழாயை மாற்றியாகிவிட்டது. ஆய்வகத்தின் தாளுக்காகக் காத்திருக்காமல் பட்டியல் காட்டுகிற திசையில் கைவைப்பதுதான் இந்தத் தொழிலுக்கு அழகு.

ஆனால் பட்டியலுக்குப் பல்லும் உண்டு. 1986-ல் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலாளிப் பெண்களிடம் எடுத்த ரத்தத்தை வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோதுதான் எய்ட்ஸ் கிருமி இந்தியாவுக்குள் வந்துவிட்டது என்று முதன்முதலாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு எத்தனை வீடுகளில் அந்த ஒரு சொல் கசிந்து, வாடகை வீடும் வேலையும் கல்யாணமும் போனதென்று எங்கள் மாதிரிக் களத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். சுனிதி அம்மா சாகும்வரை அந்த மக்கள் பக்கமே நின்றார். யாருக்கு என்ன என்பதை எழுதிவைக்கிறவன், அந்த நோட்டை யார் பார்க்கலாம் என்பதற்கும் பொறுப்பு. அண்ணன் டீக்கடையில் உட்கார்ந்தால் பையை மடியில் வைத்துக்கொள்வார், பெஞ்சில் வைக்க மாட்டார்.

2020-ல் நான் ஓய்வுபெற்று வீட்டில் இருந்தேன். ஏப்ரல் கடைசியில் கோயம்பேடு சந்தையிலிருந்து கூலிக்காரர்கள் லாரிகளில் ஏறி அரியலூருக்கும் கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் திரும்பினார்கள், கொரோனாவும் கூடவே இறங்கியது. என்னோடு வேலை பார்த்த இளைஞர்கள் இரவு பகலாக ஃபோனில் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்: யாரோடு வந்தாய், யாரெல்லாம் வந்து போனார்கள்? அந்த நாட்களில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குத் தகரம் அடித்தார்கள். நெற்றியில் ஆணி இறங்குகிற மாதிரி இருந்தது எனக்கு. அடுத்த வாரம் பக்கத்துத் தெருக்களில் காய்ச்சல் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. மருந்துக்கடையில் பாரசிட்டமால் மட்டும் தீர்ந்துபோயிருந்தது. காய்ச்சல் முகாமுக்கு வந்த பெண் பிள்ளைகள் வெறும் நோட்டோடு திரும்பினார்கள். வேப்பிலையும் எச்சரிக்கைதான். ஆனால் அது அந்த வீட்டுக்காரி தன் கையால் செருகியது, உள்ளே தெய்வம் இருக்கிறது என்று ஊருக்குச் சொன்னது. உள்ளே படுத்திருப்பவருக்கு அதில் அவமானம் இல்லை. அவமானம் இல்லாத இடத்தில் மறைக்கவேண்டியதும் இல்லை.

சுனாமியின்போது அண்ணன் பணியில் இல்லை. நான் மேற்பார்வையாளராகியிருந்தேன். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். எல்லா மாவட்டத்திலிருந்தும் எங்கள் ஆட்கள் வந்து குவிந்தார்கள். பிணங்களால் கொள்ளைநோய் கிளம்பும் என்று ஊரெல்லாம் பேச்சு, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு தவித்தார்கள். கடலில் மூழ்கி இறந்தவர்களின் உடலிலிருந்து ஊருக்குக் கொள்ளைநோய் வருவதில்லை. அந்தப் பயத்தினால் எத்தனை தாய்மார் தங்கள் பிள்ளையின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காமல் போனார்கள் என்பது இன்றும் என் நெஞ்சில் கிடக்கிறது. ஆபத்து உயிரோடிருப்பவர்களிடம்தான் இருந்தது: கல்யாண மண்டபத்திலும் பள்ளிக்கூடத்திலும் ஒருவர்மேல் ஒருவராக முடங்கிய குடும்பங்கள், லாரியில் வருகிற தண்ணீர், போதாத கக்கூஸ். விடியுமுன் ஒவ்வொரு சின்டெக்ஸ் தொட்டிக்கும் மருந்து கலந்து, குழாயடியில் சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து ஆர்த்தோடாலிடின் சொட்டு விடுவோம். மஞ்சள் படர்ந்து லிட்டருக்கு அரை மில்லிகிராம் காட்டினால்தான் பெண்களைக் குடம் வைக்க விடுவோம். பயந்த கொள்ளைநோய் வரவேயில்லை.

அடுத்த பயம் மணல்வாரி. நெரிசலான முகாமுக்குள் தட்டம்மை ஒரு பிள்ளைக்கு வந்தால் பந்தல் முழுக்க ஓடும். மெலிந்த பிள்ளைகளைக் கொண்டுபோய்விடும். தடுப்பூசியும் வைட்டமின் ஏ திரவமும் கொடுக்கப் பந்தல் பந்தலாகப் போனோம். ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் ஒரு பாட்டி பேரப்பிள்ளையைச் சேலைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றாள். மருமகளைக் கடல் கொண்டுபோயிருந்தது. “இருக்குறது இது ஒண்ணு. இதையும் குத்திக் கொல்லப் பாக்குறியா?” நர்சம்மா என்னைப் பார்த்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். “ஆத்தா, பிள்ளைக்கு இதுக்கு முன்ன மணல்வாரி வந்திருக்கா?” அவள் யோசித்தாள். இவனுக்கு இல்லை, இவன் அக்காவுக்கு வந்தது, பங்குனியில், கண்ணு ரெண்டும் ஒட்டிக்கொண்டு ஆறு நாள் கிடந்தாள் என்று சொல்ல ஆரம்பித்தாள். அந்த அக்காவும் இப்போது இல்லை. வெகுநேரம் அவளைப் பற்றியே பேசினாள். நான் எழுதவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு சேலையை விலக்கினாள். பையனின் கையில் ஊசி போட்டு, வாயில் சொட்டு விட்டோம். அவள் எழுந்துபோய்த் தூணுக்குப் பின்னாலிருந்து இன்னொரு சிறுவனைக் கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

“இவனையும் எழுதிக்கங்க சார். எங்க பிள்ளை இல்ல, அக்கரைப்பேட்டை. இவனுக்குக் கேக்க ஆளு இல்ல. என் பேருலயே எழுதிக்கங்க.”

அவள் பெயரையே எழுதினேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடிப்பதற்குள் அவளே வராந்தா முழுக்கச் சுற்றி, ஊசி போடாத பிள்ளைகளாகப் பார்த்து அழைத்துவர ஆரம்பித்துவிட்டாள்.